சாக்வாக்காரியின் மெத்தை

அமோண்டி என்றால் விடியலில் பிறந்தவள். எங்கள் ஏரிக்கரையில் அந்த நேரத்தில் பிறக்கிற பெண்ணுக்கு அந்தப் பெயர்தான். இப்போது அவளைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது, கெட்டுப்போனவள் என்று. பக்கத்து முற்றத்துக்காரி நான், அப்படிச் சொல்ல மாட்டேன். என் வாசலில் உட்கார்ந்து யாரையும் சொல்லவும் விட மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுவிட்டுப் பேசட்டும்.

அவள் அப்பன் ஒபாரேவை ஏரி எடுத்துக்கொண்டது. அவனுக்கு இரண்டு பெண்டாட்டி. கல்யாணமாகி வந்தவளைப் பிறந்த ஊரை வைத்துக் கூப்பிடுவதுதான் எங்கள் வழக்கம். மூத்தவள் உகேன்யாக்காரி, அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. இளையவள் சாக்வாக்காரி, அமோண்டியைப் பெற்றவள். புருஷன் செத்த பிறகு படகை விற்றதில் இருவருக்கும் தகராறு. அன்றிலிருந்து ஒரே முற்றத்தில் எதிரெதிர் குடிசையில் இருந்துகொண்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதில்லை.

சாக்வாக்காரி கரையில் ஒமேனா மீனைக் காயவைத்து விற்பாள். விரல் நீளம்கூட இல்லாத பொடி மீன்; மழை வந்தால் எல்லாம் நாறிப்போகும். பெண்கள் சேர்ந்து போட்ட சீட்டுப் பணம் அவள் முறைக்கு வந்தபோது ஆடு வாங்கச் சொன்னோம். கேட்கவில்லை. சந்தைக்குப் போய் ஸ்பாஞ்சு மெத்தை ஒன்றை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னடி சாக்வாக்காரி, புருஷனத் தூக்கிட்டு வர்ற மாதிரி வர்ற?" என்று கரையிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"புருஷன்கூட இவ்வளவு மெத்துன்னு இல்லக்கா. இது குடிச்சிட்டும் வராது!"

அவள் வாழ்க்கையில் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அதுதான். யாரையும் அதில் உட்காரவிட மாட்டாள். மகளைக்கூட. மகளும் அதில் படுக்க முடியாது. எங்களில் வயதுக்கு வந்த பெண் தாய் வீட்டில் படுக்கக் கூடாது. அமோண்டிக்கு வலை வைக்கிற குடிசையில் பாய்.

அந்தக் குடிசையில் உட்கார்ந்துதான் அவள் படித்தாள். வாத்தியார் சொல்லியிருந்தார்: எட்டாம் வகுப்புப் பரீட்சையில் நல்ல மார்க்கு வாங்கினால் ஏழைப் பெண்களைச் சம்பளமில்லாமல் சேர்த்துக்கொள்ளும் விடுதிப் பள்ளி ஒன்று இருக்கிறது, இடம் வாங்கித் தருகிறேன் என்று. அதுவே அவளுக்கு எல்லாம். மீன் பொறுக்கும்போதும் உதடு கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஏழாம் வகுப்பில், வகுப்பு நடக்கும்போதே துணி நனைந்து பெஞ்சில் ரத்தம் பட்டது. பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பெஞ்சைச் சுற்றி நின்றார்கள். அவள் புத்தகப்பையைப் பின்னால் வைத்து மறைத்துக்கொண்டு வீடு வந்தாள். அந்த வாரம் பள்ளிக்குப் போகவில்லை. அடுத்த மாதமும் அந்த நாட்களில் போகவில்லை. வாத்தியார் திட்டினார், "இப்படி நின்னா பரீட்சைல என்னத்த எழுதுவ?"

தாயிடம் கேட்டாள். நான் அப்போது சாக்வாக்காரியோடு மீன் புரட்டிக்கொண்டிருந்தேன், என் காதால் கேட்டது.

"அம்மா, கடைல பொட்டலத்துல விக்குறாங்களே... ஒண்ணே ஒண்ணு."

"அது என்ன விலைன்னு தெரியுமா? அந்தக் காசுல ரெண்டு நாளைக்குக் களி மாவு வரும்."

"துணி நிக்க மாட்டேங்குதும்மா. நனஞ்சிடுது."

"ரத்தம் தானா வரும், தானா நிக்கும். வயித்துப் பசி அப்படித் தானா நிக்குமா? போடி, அந்த ஓரத்து மீனத் திருப்பு."

சாக்வாக்காரியை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த மாவு இல்லாத நாட்களையும் பார்த்தவள் நான்.

பள்ளிக்குப் போகிற சாலை முனையில் ஒடேரா பைக்கோடு நிற்பான். வாடகைக்கு ஆள் ஏற்றுகிறவன். பெண் பிள்ளைகளிடம் மட்டும் காசு கேட்க மாட்டான். சீட்டுக்கு அடியில் பெட்டி மாதிரி ஒன்று; அதில் ரொட்டி இருக்கும், சோப்பு இருக்கும், கடையில் விற்கிற அந்தப் பொட்டலமும் இருக்கும்.

"ஏ அமோண்டி, நடந்தே காலு தேஞ்சு குள்ளமாயிட்ட. ஏறு. காசு யாரு கேட்டா?"

"நீ கேட்டாத்தான் ஏறுவேன். கேக்காதவன் பைக்குல ஏற மாட்டேன்."

"திமிரு! உங்கம்மா மெத்தைல படுத்து வந்த திமிரு."

அவளோடு படித்த அடோயோ அந்தப் பொட்டலத்தை வாங்கினாள். ரொட்டியும் வாங்கினாள். சோளம் அறுக்கும் முன்னால் அவளுக்கு வயிறு தெரிந்தது. சீருடை பொத்தான் போட முடியாமல் ஒருநாள் நின்றுவிட்டாள். ஒடேராவைக் கேட்டதற்கு, "சாலைல எத்தனையோ பேரு ஏறுறாங்க, எனக்கென்ன தெரியும்?" என்றான். அவன் பைக் அதே முனையில்தான் நின்றது.

அமோண்டி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் தாயின் மெத்தையைப் பார்த்தாள்.

இது அவளே பின்னால் என்னிடம் சொன்னது. தாய் விடிகாலையில் கரைக்குப் போனதும் உள்ளே போவாள். மெத்தையைத் தூக்கி, உறையை விலக்கி, அடிப்பக்கத்தில் பிளேடால் ஒரு சதுரம் அறுப்பாள். உள்ளங்கை அளவு. துணியில் சுற்றி வைத்துக்கொண்டால் பள்ளி விடும்வரை தாங்கும். அராவும். தொடை புண்ணாகும். உதிர்ந்து ஒட்டிக்கொள்ளும், பிய்த்து எடுக்கும்போது கண்ணில் தண்ணீர் வரும். ஆனால் பெஞ்சில் கறை இல்லை. எட்டாம் வகுப்பு முழுக்க அவள் ஒருநாள்கூட நிற்கவில்லை. வகுப்பில் முதலாவதாக வந்தாள். ஒவ்வொரு மாதமும் அந்தப் பள்ளம் கொஞ்சம் பெரிதானது.

சாக்வாக்காரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஆரம்பித்தாள். நேரே சந்தைக்குப் போய் வியாபாரியைப் பிடித்தாள்.

"யோவ், உன் மெத்தை இளச்சுப்போச்சு!"

"மெத்தை எங்கம்மா இளைக்கும்? நீதான் பெருத்துட்ட."

சந்தையே சிரித்தது. வந்து எங்களிடம் சொன்னபோது நாங்களும் சிரித்தோம். அமோண்டியும் சிரித்தாள், தலையைக் குனிந்துகொண்டு.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால், அதே முற்றத்தின் மறுகோடியில் இருந்த ஒபாரேவின் அண்ணன் செத்துப்போனான். எங்களில் சாவு என்றால் சொந்தக்காரர்கள் வந்து நாள்கணக்கில் தங்குவார்கள். தூக்கமும் சாப்பாடும் சாவு முற்றத்திலேயே. அதனால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மெத்தையும் பாயும் கொடுத்தாக வேண்டும். அமோண்டி தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில் இரண்டு பெண்கள் வந்து சாக்வாக்காரியின் மெத்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெயிலில் தட்டிப் போடலாம் என்று உறையை உருவினார்கள்.

மெத்தை நடுவில் மடிந்து விழுந்தது. உள்ளே குழி. ஓரம் ஓரமாகச் சதுரம் சதுரமாக அறுத்த தடம்.

"எலியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எலி பிளேடு வச்சிருக்குமா?" என்றார் ஒரு கிழவர்.

அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒருவர் படுக்கையிலிருந்து துண்டு திருடுவது எதற்கு என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். படுத்தவரின் வேர்வை அதில் இருக்கிறது. அதை வைத்துச் சூனியம் வைப்பார்கள். தம்பி ஏரியில் போனான். இப்போது அண்ணன். விதவையின் மெத்தையில் குழி. எல்லார் கண்ணும் ஒரே குடிசைக்குப் போயின.

இளவட்டங்கள் உகேன்யாக்காரியை அடுப்பிலிருந்து இழுத்து வந்தார்கள். கையில் களி கிண்டிய துடுப்போடே வந்தாள்.

"சொல்லு, துண்டெல்லாம் எங்க பொதச்ச?"

"என்ன துண்டு? டேய், கைய எடுங்கடா. ஒன்னோட தொட்டில ஆட்டினவ நான்."

"புள்ள இல்லாதவ, குடும்பத்தையே தின்னுட்டா!"

யாரோ துடுப்பைப் பிடுங்கி அவள் முதுகிலேயே அடித்தான். ஒருத்தன் அவள் குடிசைக்குத் தீ வைக்க, கூரைப் புல்லையே பிய்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தான். நான் குறுக்கே போனேன். என்னைக் கையைப் பிடித்து ஓரமாக உட்காரவைத்தார்கள். சாக்வாக்காரி மெத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளும் நம்பினாள்.

அப்போதுதான் அமோண்டி தண்ணீரோடு முற்றத்துக்குள் வந்தாள். மெத்தையைப் பார்த்தாள். பெரியம்மாவின் முதுகைப் பார்த்தாள். குடத்தை இறக்கிவைத்தாள்.

"நான்தான் அறுத்தேன்."

"நீ ஏன் அறுக்கப்போற? பெரியம்மாவுக்குப் பரிஞ்சு பேசாத. இவ உன் புத்தியையும் கட்டிட்டா," என்றான் அவள் சித்தப்பன் ஒகுமு. அண்ணன் போன பிறகு வீட்டுக்குப் பெரியவன் அவன்தான்.

"நான்தான் சித்தப்பா."

"எதுக்கு? சொல்லு, எதுக்கு?"

அத்தனை ஆண்கள் நடுவில் ஒரு பெண் அதை எப்படிச் சொல்வாள்? அவள் வலைக் குடிசைக்குள் போனாள். ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து, எல்லாரும் நிற்கிற இடத்தில் கவிழ்த்தாள். அறுத்து வைத்த மஞ்சள் சதுரங்கள் விழுந்தன. கூடவே துணியில் சுற்றியிருந்த ஒன்று, கழுவியும் கறை போகாதது.

"என்ன இது?" என்றார் அந்தக் கிழவர், குனிந்து பார்த்து.

"யோவ், தொடாதய்யா!" என்று ஒருத்தி கத்தினாள். "போ, அந்தப் பக்கம் பாரு!"

ஆண்கள் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தீ வைக்கச் சுருட்டியவன் புல்லைக் கீழே போட்டான். உகேன்யாக்காரியிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் துடுப்பைத் தேடி எடுத்துக்கொண்டு போய்க் களியைக் கிண்டினாள், அடிப்பிடித்திருந்தது.

ஒகுமு சொன்னான், "இவ்வளவு பெரியவளாயிட்டா. பரீட்சைய எழுதிட்டு வீட்ல இருக்கட்டும். மாப்பிள்ளை பாக்கலாம்." விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்தால் என்ன செய்வான் பார்க்கலாம் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள், அழவில்லை.

சாக்வாக்காரி மகளை அடித்தாள். பிறகு வலை பின்னுகிற நூலால் மெத்தை உறையைச் சுற்றிலும் தைத்துவிட்டாள். டப்பாவில் இருந்ததை எல்லாம் எரித்தாள். மகளோடு பேச்சை நிறுத்தினாள்.

பேசியது உகேன்யாக்காரிதான். ஒருநாள் என்னிடம் மெதுவாக, "அந்தப் பொட்டலம் என்ன விலைன்னு கேட்டுச் சொல்றியா?" என்றாள். விலை சொன்னேன். அடை உட்கார்ந்திருந்த பெட்டைக்கோழியைப் பார்த்துக்கொண்டு, "செவ்வாய்க்கிழமை சந்தைக்கு இத எடுத்துட்டுப் போறேன்," என்றாள்.

பரீட்சையும் செவ்வாய்க்கிழமைதான் ஆரம்பம். வேறு ஊர்ப் பள்ளியில், நடந்தால் வெகுதூரம். அன்று காலை அமோண்டிக்கு வந்துவிட்டது. கணக்குப்படி இன்னும் நாள் இருந்தது, முந்திவிட்டது. பயத்தில் அப்படி ஆகும். இருந்தது நைந்த பழந்துணி ஒன்றுதான். பெரியம்மா இருட்டோடு கோழியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். தாய் கரையில். நான் இருந்தேன்; என்னிடம் சோளமும் உப்பும் இருந்தன, வேறு என்ன இருந்தது?

அவள் சாலை முனைவரை நடந்தாள். பாவாடையில் ஈரம் தெரிந்ததாம். ஒடேரா நின்றுகொண்டிருந்தான்.

"இன்னிக்கும் திமிரா?" என்று கேட்டானாம்.

அவள் ஏறினாள். பெட்டியைத் திறந்து பொட்டலத்தைக் கொடுத்தான். நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டான். பரீட்சை நடந்த எல்லா நாளும் கொண்டுபோய் விட்டான். காசு கேட்கவில்லை.

உகேன்யாக்காரி அன்று மதியமே சந்தையிலிருந்து வந்தாள். கோழி விற்றுவிட்டது. பொட்டலத்தை இடுப்புத் துணிக்குள் மறைத்து வைத்திருந்தாள், திருடிக்கொண்டு வந்தவள் மாதிரி. அமோண்டி மாலையில் வந்ததும் நீட்டினாள்.

"இந்தா, உனக்குத்தான்."

அமோண்டி அதை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தாள். "காலைல இருந்திருந்தா," என்றாள். அவ்வளவுதான். கொண்டுபோய் வலைக் குடிசையின் கூரைச் சட்டத்தில் செருகிவைத்தாள்.

மார்க்கு வந்தது. ஊரிலேயே அவள்தான் முதல். விடுதிப் பள்ளியிலிருந்து இடமும் வந்தது. வாத்தியாரே சொல்ல வந்தார். முற்றத்தில் வந்து நின்று அவளைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றபோது வயிறு தெரிந்தது. குடித்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

ஒடேரா அதே முனையில்தான் நிற்கிறான். "எத்தனையோ பேரு ஏறுறாங்க," என்றான் மறுபடியும்.

பிரசவம் வலைக் குடிசையில்தான் நடந்தது, என் கையால். தாய் சாக்வாக்காரி நூலை அறுத்து, குழி விழுந்த மெத்தையைக் கொண்டுவந்து மகளுக்குக் கீழே போட்டாள். பெண் குழந்தை. ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. துணி போதவில்லை. உகேன்யாக்காரி கூரையில் கைவிட்டு, அந்தப் பொட்டலத்தை எடுத்துப் பல்லால் பிரித்தாள்.