கூரை வழியாக வந்தவன்

ரோமாபுரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஓஸ்தியா துறைமுகத்தில் தானியக் கிடங்குக்குச் சாக்கு தைத்துக் கொடுத்தவள் விபியா. ஆப்பிரிக்காவுக்குப் போன கப்பலோடு அவள் புருஷன் கவியுஸும் மூழ்கிவிட்டான் என்று சேதி வந்தது. உடல் கிடைக்கவில்லை. அடக்கம் செய்யப்படாதவன் ஆவி அலையும் என்பதால், ஊருக்கு வெளியே சாலையோரம் வெறுங்குழியை மூடி, அவன் பெயர் வெட்டிய கல்லை நட்டாள். மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இதுல வந்து இருந்துக்கய்யா" என்றாள். வருஷா வருஷம் பிப்ரவரியில், இறந்தவர்களுக்கான நாட்களில், உப்பும் ஊதாப்பூவும் திராட்சை மதுவில் ஊறிய ரொட்டியும் வைத்து வந்தாள். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

ஒருநாள் மத்தியானம் கவியுஸ் வாசலில் வந்து நின்றான். கரை ஒதுங்கியவனைப் பிடித்து எங்கோ அடிமையாக விற்றிருந்தார்கள், தப்பி வந்திருந்தான். விபியா வழியை மறித்து நின்றாள்.

"உள்ள வராதய்யா. உனக்குக் காரியம் பண்ணியாச்சு."

"பசிக்குதுடி."

"செத்தவன்னு ஆனவன் வாசல் வழியா வரக்கூடாது. கூரை மேல ஏறி வா."

பக்கத்து வீட்டு ஓப்பியா ஏணி கொண்டு வந்தாள். "பாத்து எறங்குங்கண்ணே. மறுபடியும் ஒரு காரியம் பண்ண வச்சிராதீங்க."

ஓடுகளைப் பிரித்து இறங்கியவனின் காலைக் கீழிருந்து விபியா பிடித்துக்கொண்டாள். கால் சூடாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அடுத்த பிப்ரவரியில் அவள் மறுபடியும் ரொட்டியை ஊறவைத்தாள். கவியுஸுக்குக் கோபம் வந்தது.

"நான் இங்க உக்காந்திருக்கேன். யாருக்குடி படையல்?"

"உனக்கில்ல. இத்தன வருஷமா கூப்பிட்டேன், நீ வரல. வேற எவனோ கதியத்தவன் வந்து தின்னுருக்கான். இப்ப அவன எப்படிப் போன்னு சொல்றது?"

கப்பலில் கவியுஸோடு இருந்தவர்களில் கரை சேராதவர்களே அதிகம். உளி எடுத்துப் போய்க் கல்லில் இருந்த தன் பெயரைச் செதுக்கி எடுத்தான். மதுக் குடத்தையும் அவனே தூக்கிப் போனான்.

அதற்குப் பிறகு அவன் கடலுக்குப் போகவில்லை. கிடங்கில் மூட்டை தூக்கினான். இருவரும் வழக்கம்போல் சண்டை போட்டுக்கொண்டு நன்றாகவே வாழ்ந்தார்கள். விபியாதான் முதலில் போனாள், ஒரு கோடைக் காய்ச்சலில். அவள் சாம்பலை அந்தப் பெயரில்லாத கல்லுக்குப் பக்கத்தில் புதைத்தான்.

பிப்ரவரி வந்ததும், ரொட்டி எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஓப்பியா வீட்டு வாசலில் நின்றான்.