திட்டுவதற்கு ஓர் ஆள்

எங்கள் புற்றுநோய் வார்டில் அவளுக்கு ‘ஒரே குத்து அக்கா’ என்று பெயர். மருந்து ஏறி ஏறி நரம்பெல்லாம் சுருங்கிப்போன கையில்கூட முதல் தடவையிலேயே ஊசியை ஏற்றிவிடுவாள். மற்ற நர்ஸுகளான நாங்கள் இரண்டு மூன்று முறை குத்தித் திணறினால் நோயாளிகளே, “அந்த அக்காவக் கூப்பிடுங்கம்மா, புண்ணியமாப் போகும்” என்பார்கள். வயது நாற்பத்தாறு. கணவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். கல்லூரிக்குப் போகும் ஒரு மகள்.

அவளுடைய பதினெட்டு வருட வேலையில் நான் கவனித்த ஒன்று உண்டு. உயிர் பிரியும் நேரத்தில் அந்த முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். திரையை இழுப்பாள், குழாயை எடுப்பாள், விரிப்பைச் சரிசெய்வாள். கை பரபரவென்று ஓடும், கண் வேறெங்கோ இருக்கும். அதை நாங்கள் மன உறுதி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரே வாரத்தில் நான்கு பேர் போனார்கள். கடைசியாகப் போனவள் பிள்ளை பெற்று ஆறு மாதமே ஆனவள். அன்றோடு அக்காவுக்குப் பிரார்த்தனை நின்றுவிட்டது. வீட்டில் எல்லோரும் கண் மூடி நிற்கும்போது இவளும் நிற்பாளாம். உள்ளுக்குள் சொட்டு மருந்தை எண்ணிக்கொண்டிருப்பாளாம், நிமிடத்துக்கு இருபது சொட்டு. கணவருக்குக்கூட இது தெரியாது.

போன வருடம் எங்களுக்கு எட்டு வாரப் பயிற்சி ஒன்று வைத்தார்கள். நோயாளியின் உடம்பைப் பார்ப்பதோடு, அவர் உள்ளுக்குள் படும் பாட்டுக்கும் துணை நிற்பது எப்படி என்று. புதன்கிழமை மதியம், விரிப்புகள் அடுக்கியிருக்கும் துணி அறையில் வகுப்பு. நடத்த வந்த ஆலோசகருக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். அதில் நோயாளிகளிடம் கேட்க மூன்றே கேள்விகள். உங்களுக்கு எது தெம்பு தருகிறது? எதை நினைத்தால் பயமாக இருக்கிறது? யார் பக்கத்தில் இருக்க வேண்டும்?

“தண்ணி குடிக்கவே நேரமில்ல. இதுல ஆன்மாவுக்கு எங்க போறது?” என்றாள் அக்கா.

ஆலோசகர் கோபித்துக்கொள்ளவில்லை. “நீங்க பதில் சொல்ல வேண்டாம் சிஸ்டர். கேட்டுட்டுச் சும்மா உக்காந்தாப் போதும்.”

“சும்மா உக்காரவா? அது எங்க பரம்பரைக்கே பழக்கமில்லையே!”

எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அந்த வாரம்தான் ஜன்னலோரக் கட்டிலுக்கு ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர் ஒருவர் வந்தார். கணையத்தில் தொடங்கிய நோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது. மனைவி மட்டும் கூடவே இருந்தார். பிரார்த்தனை செய்ய வந்தவர்களை, “வழி அந்தப் பக்கம்” என்று கைகாட்டி அனுப்பிவிட்டார் மனிதர்.

மறுநாள் காலை பக்கத்துக் கட்டிலில் நான் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். அக்கா தாளைப் பார்த்துப் படித்தாள். “சார், உங்களுக்கு எது தெம்பு தருது?”

“யாரு எழுதிக்குடுத்தா இத?”

“மேலிடத்து உத்தரவு.”

“எனக்குச் சாமி கிடையாது சிஸ்டர். அதுல ஒரு கஷ்டம் பாருங்க. சாமி கும்புடறவங்களுக்கு இந்த நேரத்துல திட்டுறதுக்காவது ஒரு ஆள் இருக்கு. எனக்கு யாரு இருக்கா?”

அக்கா தாளை மடித்துப் பையில் வைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “என்னத் திட்டுங்க.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணல. காது சும்மாதான இருக்கு, திட்டுங்க.”

முதல் நாள் ஆஸ்பத்திரித் தேநீரைத் திட்டினார். அடுத்த நாள், ஆறு மாதம் வாயுத்தொல்லை என்றே மாத்திரை கொடுத்த பழைய மருத்துவரை. மூன்றாம் நாள் தன் உடம்பையே. காலையில் சொட்டு மருந்து போட்டதும் பத்து நிமிடம். அக்கா “ம்” மட்டும் கொட்டுவாள்.

ஐந்தாம் நாள் மனைவி மருந்து வாங்கப் போயிருந்தார். ஆசிரியரின் குரல் மாறிவிட்டது. “நாலாயிரம் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்குடுத்திருக்கேன். இவளும் கேட்டா. மூணு தடவை கேட்டா. ‘உனக்கெல்லாம் வராது’ன்னுட்டேன். நான் போயிட்டா இனி ஒவ்வொண்ணுக்கும் யாராவது வந்து கூட்டிட்டுப் போகணும்னு காத்துக்கிட்டு இருப்பா…”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்” என்று அக்காவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். “இத அவங்ககிட்ட சொன்னீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்லவேளை சொல்லிக்குடுக்கல. ரெண்டாவது கியர் வர்றதுக்குள்ள நாம பிரிஞ்சிருப்போம்” என்றார். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் மனைவியை முக்காலியில் உட்காரவைத்து, சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகக் கையில் கொடுத்துப் பாடம் தொடங்கிவிட்டார். “கிளட்ச்ச மெதுவா விடு. மெதுவான்னேன்!” பக்கத்துக் கட்டில்காரர், “அம்மா, என் கட்டில்ல மோதிடாதீங்க” என்றார். நோய் ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் ஆசிரியர் வலி ஊசிக்காக நேரத்துக்கு முன்பே மணி அடிப்பதை நிறுத்தியிருந்தார்.

எல்லோரிடமும் இப்படி நடந்துவிடவில்லை. ஒரு பெரியவர் கேள்வித்தாளைச் சுக்குநூறாகக் கிழித்தார். இன்னொரு பெண் கடைசிவரை சுவர்ப் பக்கமே திரும்பிப் படுத்திருந்தாள். அவளிடம் எதுவும் கேட்காமல் அக்கா தினமும் தலைமாட்டில் சற்று நேரம் நிற்பாள்.

பாடம் தொடங்கி ஒன்பது நாள் கழித்து, காலை பத்து மணிக்கு ஆசிரியரின் மூச்சு விட்டு விட்டு வரத் தொடங்கியது. அக்கா திரையை இழுத்தாள். கை தானாக விரிப்பை நோக்கிப் போனது. நிறுத்திக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தாள்.

“சிஸ்டர், அவருக்குத்தான் பிடிக்காது. எனக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கோங்களேன்” என்றார் மனைவி.

“எனக்கு ரெண்டு வருஷமா வரமாட்டேங்குதும்மா. பொய்யா வேண்டிக்க மனசு வரல.”

அந்த அம்மாள் ஒரு கையால் கணவரையும் மறு கையால் அக்காவையும் பிடித்துக்கொண்டார். “பரவாயில்ல. நான் வேண்டிக்கிறேன், நீங்க கூட இருங்க.” முணுமுணுத்த வேண்டுதலின் நடுவே, “இந்தச் சிஸ்டரையும் பாத்துக்கோ” என்று ஒரு வரி வந்தது. அவர் போனது அதற்குச் சற்று நேரம் கழித்து. அக்கா எழுந்திருக்கவில்லை. அந்த அம்மாளோடு சேர்ந்து அழுதாள்.

அடுத்த புதன்கிழமை துணி அறையில் இதையெல்லாம் அவளே சொன்னாள், பிரார்த்தனை நின்றுபோனது உட்பட. பிறகு நான், வேலையை விடுவதாக எழுதிய கடிதம் நான்கு மாதமாக என் பையில் இருப்பதைச் சொன்னேன். இன்னொருத்தி, வீட்டில் பிள்ளைகள் கேட்டால் “இன்னைக்கு எல்லாரும் நல்லாயிட்டாங்க” என்று பொய் சொல்வதாகச் சொல்லித் தேம்பினாள். எத்தனையோ வருடம் ஒன்றாக வேலை பார்க்கிறோம், இதை ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னதில்லை. அந்தக் கடிதத்தை நான் கொடுக்கவில்லை.

“இப்பவாவது வேண்டிக்க வருதா அக்கா?” என்று பின்னொரு நாள் கேட்டேன்.

“பழைய மாதிரி வரல. போனவங்க முகம் ஒவ்வொண்ணா வருது. வரட்டும்னு நிக்கிறேன்” என்றாள்.

எட்டு வாரம் முடிந்து ஆலோசகர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். நாங்கள் ஐந்து பேர் புதன்கிழமையை விடவில்லை. பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, அந்த வாரம் போனவர்களின் பெயரைச் சொல்வோம். அவர்கள் பேசியதில் நினைவிருப்பதைச் சொல்வோம். சில வாரம் ஒரு பெயரும் இருக்காது. அன்றைக்கும் உட்கார்ந்துவிட்டுத்தான் வார்டுக்குத் திரும்புகிறோம்.