கட்டாயம் வருவீங்களா?

என் எம்.பி.ஏ. நேர்முகம் தம்புள்ளையில் ஒரு ஹோட்டலில் தேநீர் குடித்தபடி நடந்தது. கேள்வி கேட்டவர் நான் விண்ணப்பித்த கல்லூரியின் பழைய மாணவர், தன்மையான மனிதர். கடைசியாக, “இடம் கிடைச்சா கட்டாயம் வருவீங்களா?” என்றார்.

“இன்ஷா அல்லாஹ், சேர்.”

“அப்ப, இன்னும் நிச்சயமில்லையா?”

“இன்ஷா அல்லாஹ் வருவேன், சேர்” என்று இன்னும் அழுத்திச் சொன்னேன். ‘அல்லாஹ் நாடினால்’ என்பதுதான் பொருள்; எங்கள் வீட்டில் அதைவிட உறுதியான வார்த்தை கிடையாது.

சேருவதில் எனக்கு உறுதி இல்லை என்று காரணம் காட்டி, இடம் மறுத்து மின்னஞ்சல் வந்தது. அழுகைகூட வரவில்லை. பாதியில் விட்ட வெங்காயத்தை வெட்டி முடித்தேன்.

“அடுத்த முறை கிடைக்கும் மகள், இன்ஷா அல்லாஹ்” என்றார் வாப்பா.

இப்போது யார் கேட்டாலும் “கட்டாயம் வருவேன்” என்கிறேன். மற்றதை வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன்.