அத்தான் அசைந்த படம்

எங்கள் அலமாரியில் இரண்டு ஃபிலிம்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே நாளில் எடுத்த, அத்தானின் இதயப் படங்கள். ஒன்று தெளிவானது. மற்றது கலங்கல்.

அத்தான் என் அக்காவின் கணவர். சங்கரன்கோவிலில் விதைக்கடை வைத்திருந்தார். பக்கத்துக் குருவிகுளத்திலிருந்து வந்து, சும்மா வெயிலுக்கு ஒதுங்கியவரைக்கூட எழுந்து கைகூப்பி, "வாங்க, வாங்க" என்பார். எண்பதுகளில் ஒருமுறை அவருக்கு மாரடைப்பு வந்தது. அடைப்புக்கு ஆபரேஷன் செய்யலாமா என்று கேட்க மெட்ராஸுக்குக் கூட்டிப்போனேன். கதிர்வீச்சு மருந்தை ஊசியில் ஏற்றிப் படம் எடுத்தால், உயிருள்ள தசை வெளிச்சமாகத் தெரியும், செத்த தசை இருட்டாகக் கிடக்கும் என்றார்கள். உயிர் இருந்தால்தான் ஆபரேஷன்.

கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, அசையாமல் படுத்திருக்க வேண்டும். அத்தானும் படுத்தார். பாதியில் டாக்டர் உள்ளே வந்தார். படக்கென்று எழுந்து கும்பிட்டுவிட்டார் அத்தான்!

படம் கெட்டது. அடிப்பக்கம் ஓர் இருட்டு. அசைந்ததால் வந்ததா, நிஜமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. மறுபடி எடுக்கச் சொன்னார். எனக்கு அந்தக் கலங்கல்தான் நம்பிக்கை.

"ஏன் அத்தான் எந்திரிச்சிய?"

"வந்த மனுசன வாங்கன்னு கேக்காம கட்டை மாதிரி கெடக்கச் சொல்லுதீரா மாப்ள?" என்றவர், தோள் துண்டை என்னிடம் நீட்டினார். "கைய சேத்துக் கட்டும். வாய நான் பாத்துக்கிடுதேன்."

கட்டினேன். யார் யாரோ வந்து போனார்கள். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டாவது படம் சுத்தமாக வந்தது. இருட்டு அதே இடத்தில் இருந்தது. "அந்தப் பக்கம் உயிர் இல்லை. ஆபரேஷன் செய்தும் பலனில்லை" என்றார் டாக்டர். "சரிங்கய்யா, போய்ட்டு வாரோம்" என்று அத்தான் கும்பிட்டார். நான் துண்டில் விழுந்த முடிச்சுச் சுருக்கங்களை நீவிக்கொண்டே நின்றேன். ரயிலில் கொய்யாப்பழம் வாங்கித் தின்றோம். ருசி நினைவில்லை.

வாசலிலேயே அக்கா கேட்டாள், "படம் எடுத்தாச்சா?"

"பளிச்சின்னு வந்துருக்குட்டி. ஆடாம அசையாம கெடந்தேன்லா" என்றார் அத்தான், பெருமையாக.

அடுத்த ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அவர் இல்லை. நான் அழவில்லை. கடைக்கு வந்தவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் எனக்கும் அதே படம் எடுத்தார்கள். "லேசா அசைஞ்சாலும் பரவாயில்ல அங்கிள், கம்ப்யூட்டர் சரி பண்ணிரும்" என்றது அங்கிருந்த பெண். யாரோ கதவைத் திறந்து உள்ளே வந்தார்கள். நான் அசையவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு ஃபிலிம்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தெளிவானது யாருடைய இதயமாகவும் இருக்கலாம். கலங்கலில் மட்டும், விளிம்பு ஒருபக்கமாக இழுபட்டு மேலே ஏறியிருக்கிறது. அங்கேதான் அத்தான் எழுந்து "வாங்க" என்கிறார்.