பாடாமல் விட்ட வீடு

கிறிஸ்துமஸ் சமயத்தில் சபைக்காரர்கள் கேரல் பாடப் போவது ராத்திரியில், சபையார் வீடுகளுக்கு. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் போவது மத்தியானம் மூன்று மணிக்கு மேல், அந்த வருடம் பள்ளிக்குக் கை கொடுத்தவர்களின் வீடுகளுக்கு. அதில் பாதி இந்து வீடுகள். வாசலில் நின்று டிரம் அடித்து ஒரு பாட்டுப் பாடுவோம். பிறகு ஒரு பிள்ளை முன்னால் வந்து, எதற்கு நன்றி என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். "ஆட்டோவுல ஏத்திக்கிட்டு வந்தீங்க, நன்றி." "குழாய் ரிப்பேர் பண்ணித் தந்தீங்க, நன்றி." அதன் பிறகு ஒரு கேக், ஒரு காலண்டர், கடைசியில் என் ஜெபம். யார் யார் வீட்டுக்குப் போவது என்று பட்டியல் போடுவது பன்னிரண்டு வருடமாக என் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன வருடம் அந்தப் பட்டியலில் ஒரு வீட்டை நானே அடித்து நீக்கினேன்.

ஸ்ரீவைகுண்டத்துக்கு இந்தப் பக்கம், வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் துவக்கப் பள்ளி. தச்சநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறேன். நான் அங்கே சேர்வதற்கு முன்பிருந்தே சத்துணவு சமைப்பவர் ஓர் அக்கா. பிள்ளைகளுக்கு அவர் ஆயாம்மா. எந்தப் பிள்ளை கத்தரிக்காயை ஒதுக்கும், எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கும் என்று வகுப்பாசிரியர்களான எங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். எங்கள் கேரல் ஒவ்வொரு வருடமும் முடிவது அவர் வீட்டில்தான்.

ஆவணி மாதம் அவருடைய வீட்டுக்காரர் இறந்துபோனார். வாழைத்தார் சுமக்கிறவர், நல்ல ஆரோக்கியமான மனிதர். தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் முடிந்ததும் அக்கா வேலைக்கு வந்துவிட்டார். முன்னைவிடப் பேச்சு குறைந்திருந்தது. சாம்பாரின் ருசி மட்டும் குறையவே இல்லை.

எங்கள் கிறிஸ்தவ ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டைத் துட்டி வீடு என்போம். அந்த வருடம் அங்கே போய்க் கொட்டடித்துப் பாட மாட்டோம். அவர்களும் பலகாரம் சுட மாட்டார்கள். நாம்தான் சுட்டதில் ஒரு பங்கைக் கொண்டுபோய், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். இந்த வழக்கத்தை வைத்துத்தான், இந்து வீடான அக்கா வீட்டையும் நான் அளந்து பார்த்தேன். பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமையாசிரியை, "அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டியளா?" என்றார். "இதைப் போய்க் கேட்டா மனசு சங்கடப்படும் டீச்சர்" என்றேன். ரொம்ப விவரமானவளைப் போலத்தான் சொன்னேன்.

வழக்கத்தில் மீதிப் பாதி ஒன்று இருக்கிறதே, பலகாரம் கொண்டுபோய் உட்கார்ந்துவிட்டு வருவது, அதையும் நான் செய்யவில்லை. அவர்கள் முறை என்னவோ என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்த வாசலில் அவரைத் தனியாகப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவர் அழுதால் நான் என்ன செய்வேன்?

கேரல் போன அன்று கடைசி வீடு முடிந்ததும் பிள்ளைகள் வழக்கம்போல அக்கா தெருப்பக்கம் திரும்பினார்கள். நான் தடுத்தேன். ஏன் என்று கேட்டார்கள். "அது துட்டி வீடு, பாடக் கூடாது" என்றேன். பிள்ளைகளிடம் சொன்னது எங்கே போய்ச் சேரும் என்று பன்னிரண்டு வருட அனுபவம் எனக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

மறுநாளே போய்ச் சேர்ந்தது. மத்தியானச் சாப்பாட்டு வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றேன். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தட்டை நீட்டிக்கொண்டே, "ஆயாம்மா, நேத்து நாங்க ஒங்க வீட்டுக்கு வரல்ல. அது துட்டி வீடாம். பாடக் கூடாதாம். டீச்சர் சொன்னாவ" என்றாள்.

அக்காவின் கை ஒரு நொடி நின்றது. "அப்படியாட்டி?" என்று கேட்டுவிட்டு, அவளுக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

பிள்ளைகள் வகுப்புக்குப் போனதும் சமையல்கூடத்தின் பின்பக்கம் போனேன். அக்கா அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமே என்றுதான், எங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு வழக்கம் என்று மென்று விழுங்கினேன். அவர் அண்டாவைத் தேய்ப்பதை நிறுத்தாமலே பேசினார்.

"நாலு மாசமா எங்க தெருவுல ஒரு நல்ல காரியத்துக்கு என்னைக் கூப்பிடல்ல டீச்சர். எதுத்த வீட்டுப் புள்ள வயசுக்கு வந்து சடங்கு வச்சாவ. அந்தப் புள்ளைய நான்தான் தூக்கி வளத்தேன். பந்தலுக்கு வெளியே நின்னு பாத்துட்டு வந்தேன். காலையில வெளியே கிளம்புதவன் என்னைப் பாத்தா கொஞ்சம் நின்னுட்டுப் போறான். சரி, ஊரு அப்படித்தான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைய வரும்லா, அவியளுக்கு இதெல்லாம் கிடையாதுல்லான்னு இருந்தேன். நேத்து வாசல் தெளிச்சு, கோலம் போட்டு வச்சிருந்தேன். எங்க வீட்டுக்காரவிய போனதுக்கு அப்புறம் நான் போட்ட மொதக் கோலம் அதுதான். கொட்டுச் சத்தம் பக்கத்துத் தெரு வரைக்கும் வந்துச்சு. அங்கன இருந்து பையப் பையத் திரும்பிப் போயிருச்சு."

அவர் தெருக்காரர்களும் நானும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறோம். அவர்கள் அதைச் சகுனம் என்றார்கள், நான் மரியாதை என்றேன்.

"அக்கா, நாளைக்கு வரலாமா?" என்று கேட்டேன்.

அவர் அண்டாவைக் கவிழ்த்து வைத்தார். "நாலு மணிக்கு வீட்டுலதான் இருப்பேன்" என்றார்.

மறுநாள் அரையாண்டுப் பரீட்சையின் கடைசி நாள். பெரிய டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். நான் அன்றைக்கே கேட்டேனே என்று அவர் குத்திக்காட்டியிருக்கலாம். செய்யவில்லை. தானும் வருவதாகச் சொல்லி முன்னால் நடந்தார். டிரம் எடுத்துக்கொள்ளலாமா என்று நான் தயங்கியபோது, "எடுத்துக்கோங்க, இந்தத் தடவ நீங்களா ஒண்ணும் முடிவு பண்ண வேண்டாம்" என்றார்.

அக்கா வாசலில் நின்றார். இரண்டு கோலம் போடும் அளவுக்கு வாசலை அடைத்து ஒரே கோலம் போட்டிருந்தார். பிள்ளைகள் அதை மிதிக்காமல் சுற்றி நின்று பாடினார்கள். டிரம் சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர்களும் வெளியே வந்து பார்த்தார்கள். நன்றி சொல்ல அந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி தானாகவே முன்னால் போனாள். "ஆயாம்மா, எனக்கு வயிறு நெறைய நெறையச் சோறு போட்டீங்க, நன்றி" என்று சொல்லிவிட்டு, சொன்னதோடு நிற்காமல் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

நான் ஜெபம் பண்ண வேண்டிய நேரம் வந்தது. எந்த வீட்டிலும் ஜெபத்துக்கு முன்னால் ஒன்று கேட்போம், என்ன காரியத்துக்காக ஜெபிக்க வேண்டும் என்று. மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், முட்டுவலி, இப்படி ஏதாவது சொல்வார்கள். அக்காவிடமும் கேட்டேன்.

"அடுத்த வருசமும் நீங்க வரணும். வேற ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றார். கைகளைக் கூப்பிக் கண்களை மூடிக்கொண்டார்.

எனக்கு ஜெபம் தண்ணீர் பட்ட பாடு. எந்த வீட்டிலும் தடுமாறியதில்லை. கண்களை மூடினேன். "ஆண்டவரே, நான் அறியாமல் செய்த தப்பை மன்னியும்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் போகவில்லை. நான் வருத்தியது ஆண்டவரையா? இரண்டடி தள்ளி நிற்கிறவரிடம் கேட்க வேண்டியதை வானத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாரும் கண் திறப்பதற்கு முன் ஜெபத்தில் சேர்த்துச் சொல்லி முடித்துவிட்டால் என் மானமும் போகாது. கேவலமாக இருந்தது எனக்கு.

கண்ணைத் திறந்தேன். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நான் ஒங்கள ஒதுக்கிட்டேன். என்னை மன்னிச்சிருங்க" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.

ஜெபத்துக்கு நடுவில் இப்படி ஒரு பேச்சு வந்ததில் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் திறக்கவில்லை. மூடிய கண்களிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. கூப்பிய கையில் ஒன்றை எடுத்து, தன் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்த சிறுமியின் தலையில் வைத்தார்.

"ஜெபத்த முடிங்க டீச்சர்" என்றார். "பிள்ளைய எல்லாம் உள்ள வந்து உக்காரட்டும். சுண்டல் ஆறிரும்."