சுறாவுக்குக் கொடுக்கக்கூடாத சூரைத்தலை

1. கை செய்த வேலை

பிள்ளைகள், அந்த வள்ளத்தில் ஏறிய முதல் நாளே உங்கள் அப்பாவாகிய நான், செய்யக்கூடாத ஒரு வேலையைச் செய்துவிட்டேன். ஒரு வெள்ளைச் சுறாவுக்குச் சாப்பாடு கொடுத்தேன்.

அது நான் அவுஸ்திரேலியாவில் இருந்த காலம். சுறா பார்க்க ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் வள்ளம் அது. இரண்டு நாள் கடலிலேயே நிற்கும். பக்கத்தில் ஒரு இரும்புக் கூட்டை இறக்கிக் கட்டுவோம். ஆட்கள் தடித்த றப்பர் உடுப்புப் போட்டு, காற்றுக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு அதற்குள் நிற்பார்கள். என் வேலை, கயிற்றில் கட்டிய சூரை மீனின் தலையை எறிந்து சுறாவைக் கூட்டுக்கு முன்னால் வரவைப்பது. அது கடிக்க முன்னம் தலையை இழுத்துவிட வேண்டும். தின்ன விட்டால், வள்ளத்தைக் கண்டால் சாப்பாடு என்று சுறா பழகிவிடும்.

நான் முள்ளிவாய்க்காலில் பதினாறு வயதிலிருந்து தூண்டில் போட்டவன். மீன் இரையைத் தொட்டதும் எங்கள் கை தங்கூசி என்ற தூண்டில் நூலைக் கொஞ்சம் இளக்கிக் கொடுக்கும். மீன் விழுங்கிய பிறகுதான் இழுப்போம். அன்றைக்கும் கயிறு நடுங்கியது, கை இளக்கிவிட்டது. சுறா தலையை விழுங்கி, கயிற்றையும் அறுத்துக்கொண்டு போனது. பிறகு பின்னேரம் வரை ஒன்றும் வரவில்லை.

எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவன் எங்கள் கரையைச் சேர்ந்த யூட். வள்ளத்தை நடத்தும் ஸ்கிப்பர் இங்கிலீஷில் ஏசியதை அவன்தான் தமிழில் சொன்னான்.

"மீன் பிடிக்க வந்தனியோ, காட்ட வந்தனியோ எண்டு கேக்கிறார்."

"கை தானாய் இளக்கிப்போட்டுது, மச்சான்."

"அப்ப கையைக் கரையில விட்டிட்டு வந்திருக்கலாமே? நாளைக்கும் குடுத்தியெண்டால் உன்னட்டைக் கயிறு தரமாட்டாராம். கோப்பை கழுவுறதுதான்."

சுறா பார்க்க வந்தவர்களில் வவுனியாவில் பிறந்த ஒரு அக்காவும் இருந்தா. அவவின் முறை வந்தபோது கடல் வெறுமையாய்க் கிடந்தது. நடுங்கிக்கொண்டு கூட்டை விட்டு ஏறினா.

"தம்பி, நான் அங்க குளிருக்குள்ள விறைச்சுக்கொண்டு நிக்கிறன். நீங்கள் அதுக்கு விருந்து வைச்சு அனுப்பிப்போட்டியள், என்ன?"



2. யூட் சுறாவானது

அன்று பின்னேரம் யூட்டைக் கயிற்றின் மறு நுனியைப் பிடித்துச் சுறாவைப்போல இழுக்கச் சொன்னேன். அவன் வெடுக்கென்று இழுத்தான். என் கை இளக்கியது. திரும்பவும் இழுத்தான், திரும்பவும் இளக்கியது.

"உன்ரை கையை நம்பினால் நான் கொழுத்துப் போவன்," என்று சிரித்தான்.

கொஞ்ச நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். இழுக்க முன்னம் அவனுடைய தோள் உயர்ந்தது. தூண்டிலில் நாங்கள் கண்ணால் பார்ப்பதில்லை, விரல்தான் எல்லாம் சொல்லும். இங்கே விரலுக்குத் தெரியவரும் நேரம் சுறாவின் வாய்க்குள் தலை போய்விடும். அடுத்த தரம் தோள் அசையும்போதே இழுத்தேன். யூட்டின் கைக்குள் ஒன்றும் இல்லை.

3. இரண்டாம் நாள்

காலையில் அக்கா கூட்டுக்குள் நின்றா. பெரிய சுறா ஒன்று கீழிருந்து மெதுவாக எழும்பி வந்தது. நான் கயிற்றை மறந்து அதன் மூக்கையே பார்த்தேன். மூக்கை மேலே தூக்கியது. வாய் திறக்க முன்னம் இழுத்தேன். சுறா வெறும் தண்ணீரைக் கடித்துவிட்டு, கூட்டை உரசுவதுபோலத் திரும்பிப் போனது.

அக்கா மேலே வந்து காற்றுக் குழாயைக் கழற்றினா.

"தம்பி, அது என்னைப் பாத்தது! கண் கறுப்பு, மையைப்போல!"

"பயந்தனீங்களோ அக்கா?"

"பயந்தனான்தான். இன்னொருக்கா இறங்கலாமோ எண்டு கேளுங்கோ."

 ஸ்கிப்பர் புதுச் சூரைத்தலையைத் தானே கட்டி, கயிற்றை என் கையில் தந்தார். அந்த வள்ளத்தில் நான் நின்ற காலம் முழுக்க அந்தக் கயிறு என்னிடம்தான் இருந்தது.

பிள்ளைகள், பழகிய கையை ஏசித் திருத்த ஏலாது. அது எந்த இடத்தில் முந்துகிறது என்று பாருங்கள். அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னமே கண்ணைக் கொண்டுபோய் வையுங்கள்.