கடைசி நெரை

காலையில் மேஸ்திரி நெரை பிரிக்கும்போது மருதாம்பாள் அக்கா ஒரே வார்த்தைதான் சொல்வாள். "எனக்கு அந்தக் கடைசி நெரைங்க." இத்தனை வருஷத்தில் அவள் வேறு நெரை கேட்டு நான் பார்த்ததில்லை.

நெரை என்றால் ஒருத்தி கொழுந்து பறித்துக்கொண்டே போகும் செடி வரிசை. எங்கள் எஸ்டேட் கிளென்மார்கன் பக்கத்தில் இருக்கிறது. அங்கே கடைசி நெரை சோலைக்காட்டை ஒட்டிப் போகும். அதை யாரும் கேட்டு வாங்கமாட்டார்கள். வெயில் ஏறி வரவே நேரமாகும். கணுக்காலில் அட்டை தொங்கும். நிழலில் கொழுந்தும் மெதுவாகத்தான் விடும். காட்டெருமை நின்றால் பறித்ததைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். மற்றவர்கள் நடு நெரைக்காக மேஸ்திரி லிங்கசாமியிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே இவள் கூடையை மாட்டிக்கொண்டு ஏறிவிடுவாள்.

அவளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவள் குறட்டை அந்தச் சுவர் வழியாக வரும். நான் விழித்துக்கொண்டு கிடப்பேன். மேடு ஏறினால் எனக்கு நெஞ்சு அடைக்கும். என்னைவிட மூத்தவள், அவள் பேசிக்கொண்டே ஏறுவாள். ரெண்டு வீட்டிலும் வேகிறது ஒரே ரேஷன் அரிசி. ரெண்டு வீட்டுக் கூரையும் ஒரே மாதிரி ஒழுகுகிறது. ஆனால் டிஸ்பென்சரி வாசலில் நிற்பது நான் மட்டும்.

அவளுக்கும் கெட்ட காலம் வந்தது. அவள் புருஷன் சங்கிலி, தேயிலைக்கு நடுவே நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரத்தில் கிளை வெட்ட ஏறினார். கால் வழுக்கி விழுந்தார். ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பிள்ளைகள் கிடையாது. அதற்குப்பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை நின்றுபோனது. அவளும் விழித்துக்கிடக்கிறாள் என்று தெரிந்தபோது எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஒரு துணை கிடைத்த மாதிரியும் இருந்தது.

அவள் சாப்பிடுவதை விட்டாள். கூடை நிறையவே இல்லை. எடை போடும் இடத்தில் லிங்கசாமி எல்லார் முன்னாலும் கேட்டார்.

"என்ன மருதாம்பா, கொழுந்து பறிச்சியா, கோழிக்குத் தீவனம் பறிச்சியா?"

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. எடை தேறாதவளை எத்தனை நாளைக்கு வைத்திருப்பார்கள்? வேலை இருந்தால்தான் எஸ்டேட் கொடுத்த லைன் வீடு. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் எஸ்டேட்டை நடத்தும் துரை நல்லவர். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரச்சில் இருந்த ஆயா ஓய்வு பெற்றிருந்தாள். அந்த இடத்தை மருதாம்பாளுக்குக் கொடுக்கச் சொன்னார். லிங்கசாமி அதை வந்து சொல்லும்போது நான் பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நாளைல இருந்து கிரச்சுக்குப் போயிரு. உக்காந்த வேலை. மழையில்ல, அட்டையில்ல. ஊடும் உங்கிட்டயே இருக்கும்."

"வேண்டாமுங்க."

"வேண்டாமா! கொழுந்து வரலீன்னா வேலையில்ல, வேலையில்லீன்னா ஊடில்ல. தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. மழை முடியற வரைக்கும் பாருங்க. அப்பவும் தேறலீன்னா நானே சாவியக் குடுத்துட்டு மேட்டுப்பாளையம் போயி எந் தங்கச்சி ஊட்டு மூலையில கெடக்கறேன். கடைசி நெரைய மட்டும் மாத்தீராதீங்க."

என் குடம் நிரம்பி வழிந்தது. அந்தக் கிரச் வேலைக்காக நான் ஆபீஸ் வராந்தாவில் தூணோரம் நின்று, வாய் திறக்க முடியாமல் எத்தனையோ தடவை திரும்பி வந்திருக்கிறேன். அவளுக்கு அது வீடு தேடி வந்தது. அவளோ ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பிவிட்டாள்.

கடைசியில் அந்த வேலை எனக்கே வந்தது. கூடப் பறிக்கும் ஜெஸிந்தா சும்மா இருப்பாளா?

"உனக்கு யோகந்தான் பேச்சி! அவ வேண்டாம்னு தள்ளிவெச்ச சோறு உனக்குக் கெடச்சிருச்சு."

கிரச் ஜன்னலில் இருந்து பார்த்தால் மேலே கடைசி நெரை தெரியும். தொட்டிலை ஆட்டிக்கொண்டே நான் பார்ப்பேன். சாப்பாட்டு நேரத்தில் மற்ற பெண்கள் பாதையோரம் கூட்டமாக உட்கார்வார்கள். மருதாம்பாள் அக்கா மட்டும் சோலைக்குள் இருக்கும் ஓடைக்குப் போவாள். ஜெஸிந்தா கீழே இருந்து கத்துவது எனக்கே கேட்கும்.

"மரந்தான் புருஷனத் தின்னுச்சு. மறுபடி மரத்துக்கிட்டயே போறீங்களேக்கா!"

"அவரு ஏறுனது தொரை வெச்ச மரம் புள்ள. இது யாரும் வெக்காத மரம்" என்று மேலே இருந்து பதில் வரும்.

முதலில் அவள் சோறு கொண்டுபோன தூக்குப்போசி திறக்காமலே திரும்பி வந்தது. பிறகு பாதி காலியானது. ஆடி மழையில், தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு, அவள் அதை ஓடையில் கழுவிக் கவிழ்ப்பதைப் பார்த்தேன். அன்று ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை கேட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. உட்கார்ந்த வேலை எனக்கு, கூரை எனக்கு, அடுப்பு எனக்கு. தூக்கம் மட்டும் அவளுக்கா?

ஏதோ மருந்து வைத்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் அந்த ஓடைக்கு ஏறினேன். கரையில் ஒரு குத்துச்செடி இருந்தது. அதன் நுனியெல்லாம் கிள்ளியிருந்தது. மான் கடித்தால் தண்டு நசுங்கியிருக்கும். இது விரலால் கிள்ளியது. கொழுந்து பறிக்கிற மாதிரியே ரெண்டு இலையும் மொட்டும் சேர்த்து, சுத்தமாக. அது எந்தக் கையின் வேலை என்று எங்களுக்குப் பார்த்ததும் தெரியும். அகப்பட்டாள் என்று நினைத்தேன். மடி நிறையப் பறித்துவந்து, கொதிக்கவைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

விடிவதற்குள் எத்தனை தடவை கக்கூசுக்கு ஓடினேன் என்று எண்ணவில்லை. மறுநாள் கிரச்சுக்கு லீவு. சாயங்காலம் மருதாம்பாள் அக்கா கஞ்சி கொண்டுவந்தாள்.

"என்னத்தப் புள்ள தின்ன?"

எனக்குப் பொய் வராது, பேச்சே வராது. இருந்தும் சொல்லிவிட்டேன். "ஓடையில நீங்க பறிச்சுத் தின்னற தழையத்தானுங்கக்கா."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சங்கிலி போனபின் அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

"அட கிறுக்கச்சி! அது என்ன செடின்னே எனக்குத் தெரியாது. சும்மா நின்னா கை கேக்குதா? சின்னப் புள்ளைல இருந்து கிள்ளற கை. மாரியம்மன் கோயில்ல நின்னாலும் அரளியக் கிள்ளீட்டுப் பூசாரிகிட்டத் திட்டு வாங்கறேன்."

"அப்ப அங்க போயி என்னதானுங்க பண்றீங்க?"

அவள் யோசித்துச் சொன்னாள். "காலத் தண்ணியில வெப்பேன். குளுரு உச்சி வரைக்கும் ஏறும். அப்ப அவரு நெனப்பு கொஞ்சம் தள்ளி நிக்கும். உள்ள ஒரு பெரிய மரம் விழுந்து கெடக்குது. அது மேலயே பாசி, காளான், குட்டிக்குட்டிச் செடின்னு என்னென்னமோ மொளச்சிருக்குது. பாத்துட்டே இருப்பேன். அப்பறம் பசிக்கும். சோறு திம்பேன்."

மருந்தாக இருந்திருந்தால் பங்கு கேட்டிருப்பேன். அவள் சொன்னதில் எதை நான் பங்கு கேட்பது? கஞ்சியைக் குடித்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

மழை முடிந்து எடை பார்க்கிற நாள் வந்தது. நான் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலி ஓரம் போய் நின்றேன். அவளுக்குத் தேறக்கூடாது என்று நினைத்தேனா, தேறவேண்டும் என்று நினைத்தேனா, எனக்கே தெரியாது. லிங்கசாமி தராசு முள்ளைப் பார்த்தார். தட்டிவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, அடியில கல்லுக்கில்லு போட்டிருக்கியா?"

"கொட்டிப் பாருங்க."

அவர் கொட்டிப் பார்க்கவில்லை. வீட்டுச் சாவி அவள் இடுப்பிலேயே இருந்தது. போகிற போக்கில் என்னைப் பார்த்து, "ஞாயித்துக்கெழமை ஓடைக்கு வாரியா புள்ள? தழையப் பறிக்காம வரணும்" என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் போனேன்.

முதல் தடவை ஒன்றும் பிடிபடவில்லை. தண்ணீரில் கால் வைத்தால் மரத்தது. மனசு அரிசி ஊறவைத்தோமா என்று ஓடியது. அவளோ, எங்கோ சிரிக்கிற மாதிரி கத்திய ஒரு குருவியைத் தேடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி எதையும் மறந்து பார்க்க என்னால் முடியவில்லையே என்று அங்கேயும் பொறாமைதான் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன். மேடு ஏற மூச்சு வாங்குவது மெல்லமெல்லக் குறைந்தது. அவளுக்குப் பெயர் தெரியாத அந்தச் செடியை இப்போது என் கையும் தானாகக் கிள்ளுகிறது.

இப்போது கொழுந்து வெட்டக் கத்தரி வந்துவிட்டது. மருதாம்பாள் அக்கா இன்னும் கடைசி நெரைதான் கேட்கிறாள். ஓய்வுக்கு அவளுக்குக் கொஞ்ச காலமே இருக்கிறது. நான் கிரச்சில் இருக்கிறேன், காலையில் பிரஷர் மாத்திரை போடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை ஓடைக்குப் போகிறேன். எனக்கும் தூக்கம் வருகிறது. ஆனால் அவள்தான் முதலில் தூங்குகிறாள்.